உள்பக்க மூக்கும் வெளிப்பக்க மூக்கும்

என் மூக்கு இடது பக்கமாக இவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற செய்தி எனக்கு ஐம்பத்தாறாவது வயதில்தான் வந்து சேர்ந்தது. ஊருக்கெல்லாம் எப்போதோ தெரிந்த செய்திதான். கண்ணாடி முன்பக்கத்தை மட்டும் காட்டும். நான் அந்த முன்பக்கத்தையும் மீசை வரைக்கும்தான் பார்ப்பேன். அதனால் தாமதம்.

கூட வேலை பார்த்த ஒருவரின் பணி ஓய்வு விழாவில் நான் மைக் பிடித்தேன். எங்கள் பக்கம் எந்த விழா என்றாலும் சிரிப்பு மூட்ட என்னைக் கூப்பிடுவார்கள். யாரோ புண்ணியவான் பக்கவாட்டில் உட்கார்ந்து அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் விட்டுவிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்ததாகச் செய்தி அனுப்பினார்கள். நானும் பார்த்தேன். பேச்சு காதில் ஏறவில்லை. புயல் அடித்துப் போன பிறகு வரப்பில் ஒருக்களித்து நிற்கும் மின்கம்பம் மாதிரி ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது. அதை நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் அது நிமிரவில்லை.

நான் மேலுதடு பிளந்து பிறந்தவன். ஆறு வயதில் தஞ்சாவூரில் அரசு ஆஸ்பத்திரியில் தைத்துச் சேர்த்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேலை. தையல் போட்ட இடத்தில் ஒரு கோடும், உதட்டு விளிம்பில் ஒரு சின்னப் பள்ளமும் மிச்சம். பள்ளிக்கூடத்தில் எனக்கு மூளி என்று பெயர். அவர்கள் கேலி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் அவர்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது என்று மூன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்புக் கலை அதுதான்.

மீசை முளைத்ததும் விடுதலை கிடைத்தது. ஆனால் தழும்பின் மேல் முடி வராது. இரண்டு பக்கத்து முடியையும் அடர்த்தியாக வளர்த்து நடுவில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வழுக்கை விழுந்தவர்கள் தலையில் செய்கிற வேலையை நான் உதட்டில் செய்தேன். அப்பா இறந்து கருமாதிக்கு மீசையை எடுத்தபோதுகூட ஒரு மாதம் வாய்ப்புண் என்று சொல்லித் துண்டைக் கட்டிக்கொண்டே திரிந்தேன். அப்போது என் மகளுக்கு நாலு வயது. அவள் என் உதட்டைப் பார்த்ததே இல்லை. கொரோனாவில் நாடே முகக்கவசம் போட்டுக்கொண்டு நடந்த நாட்களில், வெளியே சொல்லக் கூடாது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிழைப்புக்கு நான் செய்வது கோடு கிழிக்கிற வேலை. குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். குவியலில் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பத மெஷினில் போட்டால் ஒரு எண் வரும். எண் சரியாக இருந்தால் நெல் சாக்கில் ஏறும். கூடிவிட்டால் களத்தில் கிடந்து காயும். சன்ன ரகம் ஒரு பக்கம், பொது ரகம் ஒரு பக்கம். இதையே முப்பது வருஷம் செய்தவனுக்கு உலகத்தில் எதையும் இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம் என்ற திமிர் வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது. தஞ்சாவூரில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரின் வாசலில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் அது போய்விட்டது.

மனைவியிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். காத்திருக்கும் இடத்தில் என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒரு பக்கம் கழுத்திலும் கன்னத்திலும் தீக்காயத் தழும்போடு ஒரு அம்மா. இன்னொரு பக்கம் கூத்தாநல்லூர்ப் பையன் ஒருவன், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவன், தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். பழக்க தோஷத்தில் உடனே பிரித்துவிட்டேன். அம்மாவுக்கு அவசியம், பையனுக்கு ஆசை.

அந்த அம்மா பேச்சுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவராம். நெல் அவிக்கிற அண்டாவில் வெந்து கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டதையும் போன வருஷமே அறுவை செய்து சரியாக்கியதையும் சொன்னார். அப்படியானால் இப்போது எதற்கு என்று கேட்டேன்.

“கழுத்து நல்லாத் திரும்புது சார். இது கன்னத்துக்கு. புள்ளைங்க சோறு வாங்க வரப்ப என் மூஞ்சியப் பாக்காம தட்ட மட்டும் நீட்டுதுங்க.”

என் முதல் குவியல் சரிந்தது. பையனிடம் திரும்பினேன். முடி நடவு செய்துகொள்ள வந்திருப்பதாகச் சொன்னான். நிக்காஹ் பேசியிருக்கிறார்கள். பெண் வீட்டுக்குப் போன போட்டோ முடியெல்லாம் இருந்த காலத்துப் போட்டோ. அது உம்மா அனுப்பியது, இவனுக்கே தெரியாது.

“பொய்யா ஆயிரக் கூடாதுல்ல அங்கிள். போட்டோவ மாத்த முடியாது. அதான் தலைய மாத்துறேன்.”

நேர்மைக்காக ஒருவன் தலையில் ஊசி குத்திக்கொள்கிறான். இதை எந்தச் சாக்கில் ஏற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா, “உங்களுக்கு என்ன சார்?” என்றார். பல் வலி என்றேன். என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். “பல்லு டாக்டர் பக்கத்து பில்டிங்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கழுத்து உண்மையிலேயே நன்றாகத் திரும்பியது.

டாக்டருக்கு என் மகளைவிட ஆறேழு வயது கூட இருக்கும். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உதட்டைத் தொட்டுப் பார்த்து, பழைய தையல் அந்தக் காலத்துக்கு அருமையான தையல் என்று புகழ்ந்தார். தைத்தவர் சார்பில் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு விளக்கினார். மூக்கின் உள்பக்கத் தடுப்பு வளைந்திருக்கிறது, அதனால் ஒரு பக்கம்தான் மூச்சு போகிறது, அதை நிமிர்த்துவது சிகிச்சை. வெளிப்பக்கம் நிமிர்த்துவதும் உதட்டுப் பள்ளத்தை நிரப்புவதும் அழகுக்காக என்று இன்சூரன்ஸ்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

“ரெண்டும் ஒரே மூக்குதானே டாக்டர்?”

“என்னைக் கேட்டா பிறவியில வந்ததுக்கு ரெண்டுமே சிகிச்சைதான். அத விடுங்க. நீங்க எதுக்கு வந்தீங்க? மூச்சுக்கா?”

வந்தது வாட்ஸப்புக்காக. மூச்சுக்குத்தான் என்று சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தது தெரிந்தது. அவசரம் இல்லை, யோசித்து முடிவு செய்யுங்கள் என்றார். யோசித்தால் பயந்துவிடுவேன் என்பதால் அங்கேயே மாசிக் கடைசியில் ஒரு தேதி வாங்கினேன். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போன வழியே பல் வலியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து மகள் வந்தாள். கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஐந்தாவது மாதம். மாப்பிள்ளை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, காபி குடிக்கிறேன் என்று சொல்லிக் குடிக்காமலே போனார். அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது. ஸ்கேனில் குழந்தைக்கு உதட்டுப் பிளவு தெரிந்திருந்தது.

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். தாத்தா சாயல் என்று இப்போதே தெரிந்துவிட்டது, பெயர் வைக்கிற செலவு மிச்சம், பழைய பெயர் ஒன்று சும்மாதான் கிடக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வையில், வாழ்நாளில் முதல் தடவையாக மைக் இல்லாத இடத்தில் மைக்கைப் பிடித்தவன் போல் நின்றேன்.

மனைவி தன் பங்குக்கு, கிரகணத்தன்று வெளியே போனாயா என்று மெதுவாக ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் கர்ப்பிணி கிரகணத்தன்று வெளியே வரக் கூடாது, கத்தி அரிவாள் தொடக் கூடாது. தொட்டால் பிள்ளைக்கு மூளி விழும் என்பார்கள். என் அம்மா அறுப்புக் கூலிக்குப் போனவள். கிரகணம் பார்த்து வீட்டில் படுத்திருந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அரிவாள் பிடித்தாள், நான் பிறந்தேன், ஊர் அவளைச் சொன்னது. சாகிற வரைக்கும் அவள் என்னிடம் பேசும்போது என் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுவாள். மனைவிக்கு இது தெரியும். கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது மிச்சம் வெளியே வந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி போன் செய்திருக்கிறாள். அன்பாகத்தான் பேசினாளாம். இன்னும் நாள் இருக்கிறது, நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள், ஒரு குழந்தையைக் காலம் பூராவும் கஷ்டப்பட விட வேண்டாம் என்றாளாம். மாப்பிள்ளை சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டாக்டர்கள் என்னவோ பிறந்து மூன்று மாதத்தில் தைத்துவிடலாம், பயப்பட ஒன்றும் இல்லை என்று படமெல்லாம் காட்டியிருக்கிறார்கள். தைத்த பிறகு எப்படி இருக்கும் என்ற படங்களில் எல்லாக் குழந்தைகளும் சிரித்தபடி இருக்கின்றன. ஐம்பது வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்ற படம் யாரிடமும் இல்லை.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மகள் வந்து எதிரில் நின்றாள்.

“மீசைய எடுங்கப்பா. நான் பாக்கணும்.”

தட்டிக்கழிக்க ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. குழாயடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மனைவி கண்ணாடியைப் பிடித்தாள். அவள் மகளைப் பார்த்துக்கொண்டே பிடித்ததில் கண்ணாடியில் ஒருமுறை தென்னை மரமும் ஒருமுறை நானும் வந்துபோனோம். ரேசர் இழுக்க இழுக்க முப்பத்தைந்து வருஷத்துக் கட்டுமானம் சோப்பு நுரையோடு வாய்க்காலில் போனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். மகள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். விரலால் தழும்பைத் தொட்டு, பள்ளத்தில் ஒரு நிமிஷம் வைத்திருந்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

அந்த இடத்தில் எந்தத் தகப்பனும் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆயுள் முழுக்க ஒருவன் மறைத்துவைத்த துக்கத்தை எடுத்துக் காட்டுகிறான், அதைப் பார்த்து இவ்வளவுதானா என்றால்? ஈரம் அதிகம் என்று நினைத்து விவசாயிகள் பயந்து பயந்து கொண்டுவந்த நெல்லை நான் ஒரு பார்வை பார்த்து ஏற்றச் சொல்லும்போதுகூட அவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். அது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

“இவ்வளவுதானாவா? இதச் சரி பண்ணத்தான் தஞ்சாவூர்ல தேதியே வாங்கி வச்சிருக்கேன்,” என்று சொல்லிவிட்டேன்.

மனைவி கண்ணாடியைக் கீழே இறக்கினாள். அவளுக்குப் பல் வலியின் கதை அந்தக் கணத்தில் புரிந்திருக்கும். மகள் விரலை எடுத்துக்கொண்டாள்.

“அப்ப இவ்வளவு இல்லையாப்பா?”

எந்தக் கொள்முதலிலும் இப்படி ஒரு கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதில்லை. இவ்வளவுதான் என்றால், ஐம்பத்தாறு வயதில் கத்திக்குப் போகிறவன் பைத்தியக்காரன். இவ்வளவு இல்லை என்றால், அந்த அத்தை சொன்னது சரி. அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் சோப்பு காயாத உதட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

“தெரியலம்மா,” என்றேன். “ஒரு பத்து வருஷம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் மறந்துபோச்சு. போன மாசம் ஒரு வீடியோவப் பாத்து மறுபடி ஞாபகம் வந்துச்சு. நடுவுல உங்கம்மாவக் கட்டினேன், நீ பொறந்த, வீடு கட்டினேன். அப்பல்லாம் அது எங்க போயிருந்துச்சுன்னு எனக்குத் தெரியல.”

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். பிறகு கேள்வி கேள்வியாகக் கேட்டாள். பால் குடிக்க முடிந்ததா, எந்த எழுத்து வராமல் இருந்தது, தையல் வலித்ததா, பள்ளிக்கூடத்தில் முதலில் யார் சிநேகிதம் ஆனது. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

கொள்முதல் நிலையத்தில் வருகைப் பதிவுக்கு முகத்தைக் காட்டுகிற போன் ஒன்று உண்டு. அது என் முகத்தை ஏற்கவில்லை. மூன்று முறை காட்டினேன். முகம் பொருந்தவில்லை என்று மூன்று முறை எழுதிக் காட்டியது. அதற்குள் களத்தில் செய்தி பரவிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு மனிதன் திடீரென்று மீசையில்லாமல் வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். சாக்கு தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நெல்லுக்குக் காவல் இருந்த பெரியவர் ஒருவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“யாரு சார், பெரியவங்களா? சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?”

என் அப்பா அம்மா இருவருமே போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, இழப்பதற்கு இனி ஆள் இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள், என்றைக்குக் காரியம் என்றார். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர்கூட என் உதட்டைப் பார்க்கவில்லை என்பதை மத்தியானம்தான் கவனித்தேன். மீசை இல்லாததைப் பார்த்தார்கள். மீசைக்குக் கீழே இருந்ததைப் பார்க்கவே இல்லை. முப்பத்தைந்து வருஷம் நான் யாரிடமிருந்து மறைத்தேன் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் கொல்லைப்புறத்தில் நின்று மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்பது தவறுதான். கேட்டேன்.

“அப்பாவப் பாத்துட்டேங்க. நல்லாத்தான் இருக்கார். சாப்பிடுறார், பேசுறார். நிறையவே பேசுறார். அத்தைக்கிட்ட சொல்லிருங்க. இன்னும் நாள் இருக்குன்னாங்கல்ல, எனக்கு நாள் வேண்டாம்னு சொல்லிருங்க.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, காபி குடிக்காம போயிட்டீங்களே, நாளைக்கு வந்து குடிங்க என்றாள். நான் திரும்பிப் போய்ச் செருப்பை மறுபடி சத்தமாகக் கழற்றினேன்.

மாசிக் கடைசியில் நான் தஞ்சாவூர் போகவில்லை. இதைத் தியாகம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். மகளே போய்விட்டு வரச் சொன்னாள். குழந்தைக்குச் செய்யத்தானே போகிறோம், உங்களுக்குச் செய்தால் என்ன தப்பு என்றாள். அதுதான் என்னை இன்னும் குழப்பியது. மூன்று மாதத்தில் செய்தால் அவசியம், ஐம்பத்தாறு வயதில் செய்தால் ஆசை என்றால், இரண்டுக்கும் நடுவில் எந்தப் பிறந்தநாளில் அது கட்சி மாறுகிறது? காலையில் மெஷினில் தேறிய நெல் பனியில் ஒரு ராத்திரி கிடந்தால் மறுநாள் தேறாது. நெல் அதே நெல்தான். ஆனால் அங்கே ஒரு மெஷின் இருக்கிறது.

ஆடியில் பேத்தி பிறந்தாள். உதடு பிளந்து, மூக்கு ஒரு பக்கம் விரிந்து, ஸ்கேன் சொன்னபடியே. முதல் நாள் எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. இரண்டாவது மாதம் சிரிக்கத் தொடங்கினாள். அந்தப் பிளவினால் அவள் சிரிப்பு இரண்டு பக்கமும் ஓடி, முகம் முழுக்கச் சிரிப்பாகவே இருக்கும். அப்படி ஒரு சிரிப்பை நான் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கண்ணாடி வருவதற்கு முன்னாலேயே அதைத் தைத்துவிட்டார்கள். சத்துணவு அம்மாவிடம் தட்டு நீட்டுகிற பிள்ளைகள் என்ன சொல்வார்களோ தெரியாது, எனக்கு அதைவிட அழகான முகம் தெரியவில்லை. ஆனால் பால் மூக்கில் ஏறி அவள் திணறும்போது எவனுக்கும் அழகு நினைவு வராது. தைக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஐப்பசியில், களத்தில் குறுவை நெல் மழையில் நனைந்துகொண்டிருந்த வாரத்தில், அறுவை நடந்தது. அதே டாக்டர்தான். என் மீசையில்லாத முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். அருமையான தையல். என் தையலைவிட ஆயிரம் மடங்கு நேர்த்தி. கட்டுப் பிரித்து நான்காவது நாள் பேத்தி தாயைப் பார்த்துச் சிரித்தாள். சின்னதாக, அடக்கமாக, எல்லாக் குழந்தைகளையும் போல ஒரு சிரிப்பு. நாங்கள் எல்லோரும் கைதட்டாத குறை. மகள் மட்டும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

“அந்தப் பழைய சிரிப்பக் காணோம்பா,” என்றாள்.

நன்மைதானே நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இது அவசியம் என்று அடித்துச் சொல்ல முடிந்த ஒரே இடத்திலும் ஏதோ ஒன்று கழிந்து போயிருந்தது.

மீசையை நான் மறுபடி வளர்க்கவில்லை. அவளுக்கு விவரம் தெரியும்போது தன்னைப் போலவே ஒரு உதடு வீட்டில் இருக்கட்டும் என்று மகள் கேட்டுக்கொண்டாள். வாரம் ஒருமுறை வழிக்கிறேன். புதிதாக நெல் கொண்டுவருகிற விவசாயிகள் இப்போதும் துக்கம் கேட்கிறார்கள். போன் மட்டும் என் முகத்தைப் பழகிவிட்டது.

மூக்குதான் பாக்கி. இரவில் குறட்டை விடுவதாக மனைவி புகார் சொல்கிறாள். ஆகவே உள்பக்கத்துக்கு நியாயம் சேர்ந்துகொண்டே போகிறது. வெளிப்பக்கத்துக்குப் பேச ஆள் இல்லை, நான் ஒருவன்தான் ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். பேத்தி மடியில் உட்கார்ந்தால் அந்த மூக்கைத்தான் பிடிப்பாள். சாய்ந்த பக்கமாகவே இழுப்பாள், அது பிடிக்கத் தோதாக அமைந்த கைப்பிடி என்பது அவள் அபிப்பிராயம். போன வாரம் அப்படி அவள் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் தஞ்சாவூரிலிருந்து, டாக்டரிடம் தேதி எழுதுகிற பெண் மறுபடி போன் செய்தது.

“சார், தேதி குறிச்சுக்கலாமா? உள்பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா?”

மூக்கு பேத்தியின் கையில் இருந்ததால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பெண் சரி சார் என்று வைத்துவிட்டது. நாலு மாதமாக நான் இதையே சொல்வது அதற்கும் பழகிவிட்டது.